நடுக்கடல்ல நாற்பது நாள்... சோத்துக்கு என்ன வழி?

ஞாயித்துக்கிழமை நைட். ஹாஸ்டல் மெஸ் லீவு. கேட்டுக்கு வெளியே இருக்கற ஒரே பரோட்டா கடையும் ஷட்டரை இறக்கியாச்சு. ரூம்ல மிச்சம் இருக்கறது அரை பாக்கெட் பிஸ்கட்டும், அடியில நாலு விரல் தண்ணி கிடக்கற கேனும்தான். அந்த ஒரு நைட்டுக்கே நாம பண்ற அலம்பல் இருக்கே... யப்பா!

இப்போ அதே நைட்டை அப்படியே ஒன்றரை மாசத்துக்கு இழுங்க. கடை கிடையாது. எதிர் ரூம் மச்சான் கிடையாது. சுத்திலும் கண்ணுக்கெட்டின தூரம் தண்ணி, ஆனா ஒரு வாய் குடிக்க முடியாது. இதுல ஆட்டம் வேற!

கதை இல்லீங்க. 2025 ஜனவரி 4-ம் தேதி நியூஸிலாந்தின் லிட்டல்டன் துறைமுகத்திலிருந்து 'தாரிணி' என்கிற இந்தியக் கடற்படைப் பாய்மரப் படகு கிளம்பியது. உள்ளே இருந்தது ரெண்டே பேர். ஒருவர் லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமி. நம்ம பக்கத்து புதுச்சேரிக்காரர்! இன்னொருவர் கோழிக்கோட்டைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னா. அடுத்த ஸ்டாப்பிங், தென் அமெரிக்காவின் வால் பக்கம் இருக்கும் ஃபாக்லாந்து தீவுகள். சுமார் 5,600 கடல் மைல். நடுவில் ஒரு டீக்கடைகூடக் கிடையாது.

ஜனவரி 30 அன்று அவர்கள் 'பாயின்ட் நீமோ'வைத் தாண்டினார்கள். பூமியில் கரையிலிருந்து ரொம்பத் தூரத்தில் இருக்கும் கடல் புள்ளி அதுதான். எந்தப் பக்கம் போனாலும் நிலம் 2,600 கிலோமீட்டருக்கு மேல். தலைக்கு மேலே சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் விண்வெளி நிலையத்துக்காரங்கதான் சில சமயம் பக்கத்து வீட்டுக்காரங்க. 2024 அக்டோபர் 2-ம் தேதி கோவாவில் கிளம்பியவர்கள் நாலு துறைமுகங்களில் மட்டும் நின்று, 25,000 கடல் மைலுக்கு மேல் ஓட்டி, 2025 மே 29 அன்று திரும்பினார்கள்.

நியூஸில் எல்லாம் காற்றின் வேகத்தையும் அலையின் உயரத்தையும்தான் சொன்னார்கள். எனக்கு ஓடினது ஒரே கேள்விதான். சாப்பிட்டது என்ன? குடிச்சது என்ன?

கல்வெட்டுல மெனு கார்டு இல்லை!

எனக்கு ஏன் இந்தக் கவலைன்னு கேப்பீங்க. நான் ஆரணிக்குப் பக்கத்துல திருமலைக்காரன். கடலுக்கும் எங்க ஊருக்கும் நூறு கிலோமீட்டர். ஊர்ல சத்தம்னா அது தறிச் சத்தம்தான். ஆனா எங்க மலையில, குந்தவை பேர் சொல்ற ஜினாலயம் இருக்கற அதே மலையில, முதலாம் ராஜேந்திர சோழனோட கல்வெட்டு ஒண்ணு பாறையில இருக்கு. ஈழம், கடல் நடுவுல இருக்கற தீவு, அப்புறம் கங்கைன்னு அவர் ஜெயிச்ச ஊர் லிஸ்ட் அது. ஸ்கூல் படிக்கும்போது அந்தப் பக்கம் கிரிக்கெட் பந்து பொறுக்கப் போனதோட சரி. காலேஜ் வந்தப்புறம்தான் அதைப் பத்திப் படிச்சேன்.

1025-ல் இதே ராஜேந்திரன் கடாரத்துக்குக் கப்பல் அனுப்பினார். இன்றைய மலேசியாவின் கெடா. அலைகடல்மேல் பல கப்பல்களை அனுப்பியதைத் தஞ்சாவூர்க் கல்வெட்டு பெருமையாகச் சொல்கிறது. எந்த ராஜாவைப் பிடித்தார்கள், எந்தெந்த ஊரை வென்றார்கள் என்று வரிசையாக வருகிறது. கப்பலில் எத்தனை குடம் தண்ணீர் ஏற்றினார்கள் என்று மட்டும் ஒரு வரி இல்லை. ஜெயிச்சவன் பேரைத்தான் கல்லுல வெட்டுவாங்க, சமையல்காரன் பேரை யாரு வெட்டுவா!

முதல்ல தண்ணி கணக்கு

எஞ்சினீயரிங் ஸ்டூடன்ட்டாச்சே, பேப்பர் எடுத்துக் கணக்குப் போட்டேன். குடிக்க, சமைக்க ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர்னு வெச்சுக்குவோம். குளியல் கட். ரெண்டு பேர், 45 நாள்: 270 லிட்டர். 2017-ல் இதே தாரிணியில் ஆறு பெண் அதிகாரிகள் வர்த்திகா ஜோஷி தலைமையில் உலகைச் சுற்றினார்கள். ஆறு பேர், 40 நாள்னா 720 லிட்டர், அதாவது முக்கால் டன் வெயிட். படகோட மொத்த நீளம் 56 அடி, நம்ம டவுன் பஸ்ஸை ஒன்றரை மடங்கு ஆக்கினா எவ்வளவோ அவ்வளவுதான்.

'கடல் தண்ணியையே கொஞ்சம் கொஞ்சமா குடிச்சா என்ன?' மெக்கானிக்கல் நண்பன் ஒருத்தன் சீரியஸாவே கேட்டான். ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு. நம்ம கிட்னி எவ்வளவு முக்கினாலும் சிறுநீரில் 2 சதவீதம் அளவுக்குத்தான் உப்பை வெளியே தள்ள முடியும். அப்போ அந்த 35 கிராமை வெளியேத்த கிட்டத்தட்ட ஒண்ணேமுக்கால் லிட்டர் தண்ணி வேணும். ஒரு லிட்டர் குடிச்சு ஒண்ணேமுக்கால் லிட்டர் செலவு! கிரெடிட் கார்டு மாதிரிதான். குடிக்கக் குடிக்கக் கடன் ஏறும்.

இப்போ படகுகளில் வைக்கும் ஆர்.ஓ. மெஷின் இந்தத் தலைவலியைக் குறைத்திருக்கிறது. வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் அதே தத்துவம்தான். ஆனா கடல் நீரைச் சவ்வு வழியா எதிர்த்திசையில் தள்ளணும்னா முதல்ல அதோட ஆஸ்மாட்டிக் பிரஷர் சுமார் 27 பாரைத் தாண்டணும். அதுக்கும் மேல போய் 55, 60 பார் கொடுத்தால்தான் உருப்படியா தண்ணி வரும். கார் டயரில் இருப்பதைப்போல 25 மடங்குக்கு மேல். சென்னையில் மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் ஆலை வைத்துச் செய்வதும் இதேதான். அங்கே பம்ப் ரிப்பேர்னா மெக்கானிக் வருவார். நடுக்கடல்ல? பம்ப், சவ்வு, பேட்டரி, ஜெனரேட்டர், இதுல எது ஒண்ணு மக்கர் பண்ணினாலும் நாக்கு வறண்டுடும். அதனால மெஷின் இருந்தாலும் டேங்க்ல தண்ணி, டேங்க் இருந்தாலும் தனியா கேன்ல தண்ணி.

தனியா கேன் ஏன்னு கேட்டா, அபிலாஷ் டோமி கதையைச் சொல்லணும்.

டீசல் கலந்த தண்ணி

2012 நவம்பர் 1. மும்பையிலிருந்து கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி 'மாதேய்' படகில் தனியாளாகக் கிளம்பினார். அவருக்கு முன்னால் 2009-10ல் திலீப் தோண்டே இதே படகில் தனியாக உலகைச் சுற்றியிருக்கிறார். ஆனால் அவர் நாலு துறைமுகத்தில் நின்று அரிசி பருப்பு ஏற்றிக்கொண்டார். அபிலாஷுக்கு அதுவும் கிடையாது. எங்கும் நிற்கக்கூடாது, யாரிடமும் எதுவும் வாங்கக்கூடாது. மொத்தம் 151 நாள். கிளம்பும்போது ஏத்தினதுதான் கடைசி மாசம் வரைக்கும்!

கேப் ஹார்ன், நன்னம்பிக்கை முனை என்று பெரிய பெரிய வில்லன்களை எல்லாம் தாண்டியாச்சு. வீடு நெருங்கும் நேரத்தில்தான் குடிதண்ணீர் டேங்கில் டீசல் கலந்திருப்பது தெரிகிறது. அலை இல்லை, புயல் இல்லை, ஒரு கசிவு. கையில் மிஞ்சிய கொஞ்சம் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் செலவழித்து, மழைக்காகக் காத்திருந்து, பிடித்துக் குடித்து வந்து சேர்ந்தார்.

மழைநீர் பிடிக்கறதுக்கும் ஒரு டெக்னிக் இருக்கு. பெரிய பாயோட அடிப்பக்கக் கட்டையைக் கொஞ்சம் தூக்கிக் கட்டினா, பாய்மேல விழற மழையெல்லாம் வழிஞ்சு கொடிமரத்துப் பக்கம் ஓடி வரும். அங்கே வாளியை மாட்டிடணும். ஆனா முதல் பத்து நிமிஷ மழை வேஸ்ட். பாய் முழுக்கக் காய்ஞ்ச உப்பு இருக்குமே, அதைக் கழுவத்தான் அது. அதுக்குள்ள மழை நின்னுட்டா? அடுத்த மேகத்துக்கு வெயிட்டிங்.

இதே அபிலாஷ் 2022-23ல் 'கோல்டன் குளோப்' போட்டியில் 236 நாள் ஓட்டி இரண்டாவதாக வந்தார். அது 1968 காலத்து வசதிகளோடு மட்டும் ஓட்டவேண்டிய ரேஸ். அங்கேயும் மழைதான் குழாய்.

வாஸ்கோடகாமாவுக்கு ஆரஞ்சு

தண்ணி இல்லேன்னா நாலு நாள்ல தெரிஞ்சிடும். ஃப்ரெஷ் சாப்பாடு இல்லேன்னா மெதுவாத்தான் தெரியும். முதல்ல சோர்வு. அப்புறம் ஈறு வீங்கி ரத்தம். பழைய காயமெல்லாம் மறுபடி திறந்துக்கும். ஸ்கர்வி!

நமக்குப் பக்கத்துலயே நடந்த உதாரணம் ஒண்ணு. வாஸ்கோடகாமா 1498 ஏப்ரல் கடைசியில் ஆப்பிரிக்காவின் மலிந்தியிலிருந்து கிளம்பி, பருவக்காற்று தள்ளிவிட, 23 நாளில் கோழிக்கோடு பக்கம் வந்து சேர்ந்தார். திரும்பும்போது காற்று மாறும்வரை காத்திருக்காமல் அக்டோபர் தொடக்கத்திலேயே கிளம்பிவிட்டார். அதே கடல், அதே கப்பல்... மறுகரையைப் பார்க்க ஜனவரி ஆகிவிட்டது. மூணு மாசம்! அந்தத் துண்டுப் பயணத்தில் மட்டும் சுமார் 30 பேர் ஸ்கர்வியில் செத்துப்போனார்கள். கப்பலை ஓட்ட ஆள் போதாமல், ஒரு கப்பலைக் கொளுத்திவிட்டுத்தான் மேலே போக முடிந்தது. மலிந்தியில் கரை தொட்டதும் நோயாளிகள் கேட்டது ஆரஞ்சு. ஏதோ வேலை செய்யுதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. ஏன்னுதான் தெரியல.

1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்கிற பிரிட்டிஷ் கப்பல் டாக்டர் 12 நோயாளிகளை ரெண்டு ரெண்டு பேராகப் பிரித்தார். ஒரு ஜோடிக்கு வினிகர், ஒரு ஜோடிக்கு ஆப்பிள் மது, இன்னொரு ஜோடிக்கு நீர்த்த கந்தக அமிலம் (பாவம்!), வேறொரு ஜோடிக்குக் கடல் தண்ணி. ஆரஞ்சும் எலுமிச்சையும் கிடைத்த ஜோடி ஆறே நாளில் எழுந்து உட்கார்ந்துவிட்டது. இவ்வளவு தெளிவான ரிசல்ட்டுக்குப் பிறகும் பிரிட்டிஷ் கடற்படை எல்லாருக்கும் எலுமிச்சைச் சாறு கொடுக்க ஆரம்பித்தது 1795-ல். நம்ம யூனிவர்சிட்டி ரீவேல்யுவேஷனே பரவாயில்லை போல!

நம்ம பக்கத்து ஆளுங்க என்ன பண்ணினாங்க? 1340-களில் கோழிக்கோட்டில் நின்ற பெரிய சீனக் கப்பல்களைப் பார்த்த இபின் பதூதா ஒரு விஷயம் எழுதியிருக்கிறார். கப்பலிலேயே மரத்தொட்டிகளில் கீரை, காய்கறி, இஞ்சி வளர்த்தார்களாம். மொட்டைமாடித் தோட்டம் மாதிரி மொட்டைக்கப்பல் தோட்டம்! மாலத்தீவுக்காரர்கள் கண்டுபிடித்தது மாசி. சூரை மீனை உப்புத் தண்ணியில் வேகவைத்து, புகைபோட்டு, வெயிலில் காயவைத்தால் கட்டைபோல ஆகிவிடும். மாசக்கணக்கில் கெடாது. தூத்துக்குடியிலும் யாழ்ப்பாணத்திலும் இதைச் சம்பலில் போடுவாங்க. யாழ்ப்பாணம்னதும் ஞாபகம் வருது: வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' என்கிற பாய்க்கப்பல், நம்ம தமிழ் மாலுமிகளோடு சூயஸ் வழியாக அட்லாண்டிக்கைத் தாண்டி 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தைத் தொட்டிருக்கிறது. பேரே அன்னபூரணி. சாப்பாட்டுக்குக் குறை இருந்திருக்காதுன்னு நம்புவோம்.

என் ரூம்தான் கப்பல்

படிச்சா போதுமா? செமஸ்டர் லீவில் திருமலையில் எங்க வீட்டு மாடி ரூமை 20 நாளுக்குக் கப்பலாக அறிவித்தேன். ரூல்ஸ் சிம்பிள். ஃபிரிட்ஜ் கிடையாது, கடைக்குப் போகக் கூடாது. மூணு 20 லிட்டர் கேன், நாளைக்கு 3 லிட்டர். சாமான் கழுவ, குளிக்க 'கடல் தண்ணி', அதாவது எங்க போர்வெல் தண்ணி. அதுவும் கிட்டத்தட்ட கடல் மாதிரிதான். சோப்பு போட்டா நுரையே வராது. ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரியில் ஹார்ட்னஸ்னு படிச்சமே, கால்சியம், மெக்னீஷியம், அதேதான். கடலில் அது இன்னும் மோசம். அதனாலதான் படகுக்காரர்கள் சோப்புக்கட்டியை விட்டுட்டு ஷாம்புவிலேயே உடம்பு தேய்த்துக்கொள்கிறார்கள்.

காய்கறி வாங்கும்போதே படகோட்டிகளின் சட்டங்களைப் பின்பற்றினேன். ஏற்கெனவே ஃபிரிட்ஜில் இருந்த காய் வேண்டாம், வெளியே எடுத்தா சீக்கிரம் அழுகும். அட்டைப்பெட்டியோடு உள்ளே கொண்டுவரக் கூடாது, மடிப்புக்குள்ள கரப்பான் முட்டை ஃப்ரீயா வரும். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் பக்கத்துல வைக்கக் கூடாது. தக்காளியைக் காயாகவே வாங்கி, ஒவ்வொன்றையும் தனித்தனியா பேப்பரில் சுற்றணும். எல்லாத்தையும் வலைப்பையில் போட்டுக் காத்தாடத் தொங்கவிடணும்.

முட்டைதான் காமெடி. கழுவாத நாட்டுக்கோழி முட்டைமேல இயற்கையாவே ஒரு மெல்லிய பூச்சு இருக்கும். அதுக்கு மேல கொஞ்சம் எண்ணெயோ வாஸ்லினோ தடவினா ஓட்டுல இருக்கற துளையெல்லாம் அடைஞ்சு இன்னும் நாள் தாங்கும். நான் உட்கார்ந்து ஒவ்வொரு முட்டைக்கா தேங்காய் எண்ணெய் தடவிட்டு இருந்ததை ஆயா பார்த்துட்டாங்க.

"இன்னாடா, முட்டைக்குத் தலை வாரி விடறியா?"

மூணு நாளைக்கு ஒரு தடவை முட்டையைத் திருப்பி வெச்சப்போ பேசவே இல்லை, தலையில அடிச்சுக்கிட்டாங்க.

ரிசல்ட்: கீரை ரெண்டாம் நாளே காலி. வாழைப்பழம் சதி பண்ணியது. ஆறாம் நாள் வரை பச்சை, ஏழாம் நாள் மொத்தச் சீப்பும் ஒரே நேரத்தில் பழுத்தது. ஒரு பழம் விடற எத்திலீன் வாயு மத்ததையும் பழுக்க வெச்சிடும்னு படிச்சிருக்கேன், ஆனா ஒரே நாள்ல பதினொரு பழம் சாப்பிட்டப்போதான் புரிஞ்சது. முட்டைக்கோஸ் ஹீரோ! வெட்டாம, வெளி இலையை ஒவ்வொண்ணா உரிச்சு எடுத்தா உள்ளே ஃப்ரெஷ்ஷாவே இருந்தது. உருளை பதினாறாம் நாள் முளை விட்டது. எலுமிச்சை தோல் மரம் மாதிரி ஆனாலும் உள்ளே சாறு இருந்தது. பூசணிக்காய் அசையவே இல்லை.

பச்சைக் காய் தீர்ந்தப்புறம் முளைகட்டிய பச்சைப்பயறு. உலர்ந்த பயறில் வைட்டமின் சி இல்லாத குறைதான். ஒரு நாள் ஊறவெச்சு, துணியில கட்டி முளைக்க விட்டா அதுவே வைட்டமின் சி தயாரிக்க ஆரம்பிச்சிடும். ஸ்கர்வி வராமல் தடுக்க ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம் போதும்ங்கறாங்க. அவ்வளவு துக்கடா அளவுக்காக எத்தனை பேர் செத்திருக்காங்க பாருங்க. ஆயாவோட உப்பு நெல்லிக்காய் ஜாடியைக் கப்பல்ல ஏத்தியிருந்தா வாஸ்கோடகாமாவுக்கு அந்தக் கதி வந்திருக்காது.

சமையலுக்குக் குக்கர். ஆவி வீணாகாது, தண்ணியும் கேஸும் மிச்சம். நிஜப் படகில் இன்னொரு லாபம், மூடி லாக் ஆவதால் ஆட்டத்தில் சாதம் மேலே கொட்டாது. அங்கே அடுப்பே ரெண்டு பக்கமும் அச்சில் தொங்கும். படகு சாய்ந்தாலும் அடுப்பு நேராக நிற்கும்.

பதிமூணாம் நாள்

முதல் வாரம் 3 லிட்டரைத் தாண்டிட்டேன். ரெண்டு தடவை மறந்துபோய் அரிசி களைஞ்ச தண்ணியைக் கீழே ஊத்தினதும், ஒருநாள் நைட் டீ போட்டதும் காரணம். அதனால பன்னிரண்டாம் நாள் நைட்டே ரெண்டாவது கேன் தீர்ந்து, ஒரு பாட்டில் மட்டும் மிச்சம். காலையில் மூணாவது கேனைத் திறந்தேன்.

குப்புன்னு ஆயில் வாசனை.

புது கேன் கிடைக்காம, சித்தப்பா ஷெட்டில் கிடந்த பழைய கேனை எடுத்து நானேதான் கழுவினேன். எப்பவோ அதில் மெஷின் ஆயில் இருந்திருக்கு. ரெண்டு தடவை சோப்பு போட்டுக் கழுவினா போதும்னு நினைச்சேன். ஊத்தும்போது மோந்து பார்க்கவும் இல்லை. தண்ணிமேல கலர் கலரா மெல்லிசா ஒரு படலம். 20 லிட்டரும் வேஸ்ட். டீசல் கலந்த டேங்கை அபிலாஷ் பார்த்த அந்த நிமிஷத்தைப் பத்தி ஜாலியா நோட்ஸ் எடுத்தவன்தான் நான். இப்ப அந்தக் கேன் முன்னாடி அசையாம நின்னேன்.

ஒரு லிட்டர் பாட்டிலும், ஸ்டாக்கில் இருந்த ரெண்டு தேங்காயும் வெச்சு ஓட்டிப் பார்த்தேன். சாதம் வைக்கலை, வெச்சா தண்ணி போயிடும். அவலை எலுமிச்சைச் சாறில் நனைச்சு சாப்பிட்டேன். மே மாச வெயில், மாடி ரூம். சாயங்காலம் மேகம் கூடிச்சு, தார்ப்பாயை எல்லாம் கட்டி வாளி வெச்சேன். காத்து அடிச்சது, போளூர் பக்கம் மின்னிச்சு. எங்க ஊர்ல ஒரு துளி விழலை. நைட் தலைவலி. தூங்கவே முடியல, காதுல கீழ்வீட்டு மோட்டார் ஓடற சத்தம் மட்டும்.

பதினாலாம் நாள் மதியம் படியிறங்கி வந்துட்டேன். அம்மா எதுவும் கேக்கலை. சொம்பை நீட்டினாங்க. நிக்காம ரெண்டு சொம்பு குடிச்சேன்.

"மெதுவாடா, பொரை ஏறப்போவுது."

எனக்குப் பதினாலு படி இறங்கினா தண்ணி. தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் மீனவர்கள் விசைப்படகில் ஒரு மாசம் கடலில் கிடப்பதைக் கேட்டால் 'அதான் தொழில்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். 2018 செப்டம்பரில் இந்தியப் பெருங்கடலில் புயலில் முதுகெலும்பு நொறுங்கிப் படுத்த அபிலாஷ், படகில் சாப்பாடும் தண்ணியும் இருந்தும் எழுந்து எடுக்க முடியாமல் மூணு நாள் கிடந்திருக்கிறார், ஃபிரெஞ்சுப் படகு வந்து தூக்கும்வரை. அப்புறம் நாலே வருஷத்துல அதே ரேஸுக்குத் திரும்பப் போனார். என்ன ஆளுங்க இவங்க!

நான் தோத்தாலும் காய்கறி சோதனையை மட்டும் 20 நாள் முடிய ஓட்டினேன். கடைசி நாள் முட்டையைத் தண்ணியில் போட்டுப் பார்த்தேன். பழசாக ஆக உள்ளே காத்து கூடி மிதக்கும்னு சொல்வாங்க. எட்டு முட்டையில் ஏழு முங்கிச்சு, ஒண்ணு மட்டும் மிதந்தது. அது எண்ணெய் தடவ மறந்த முட்டையான்னு தெரியல, மார்க் பண்ணி வெக்கலை. (லேப் ரெக்கார்டுல இதுக்குத்தான் மார்க் குறைப்பாங்க.)

பூசணிக்காய் ஜம்முனு அப்படியே இருந்தது. ஆயா அதைத் தட்டிப் பார்த்துட்டு, "கப்பல் கரைக்கு வந்துடிச்சில்ல, இத்த இறக்கு"ன்னு சொல்லி அன்னைக்கே புளிக்குழம்பு வெச்சுட்டாங்க.